பூட்டும் குறிப்பேடும்



கணினியொன்று வேலை செய்துகொண்டிருக்கையிலேயே திடீரென்று அசைவற்று நின்றுவிடுவதை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். திரையில் இருந்தது இருந்தபடியே இருக்கும். எந்த விசையை அழுத்தினாலும் பதில் வராது. என்ன பிழை நேர்ந்தது என்று சொல்லும் ஒரு வரிதானும் தோன்றாது. மின்னிணைப்பைத் துண்டித்து மீண்டும் இயக்குவதன்றி வேறு வழியிராது. இத்தகைய திடீர் மரணங்களுக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றைப் பற்றி மட்டுமே இன்று பேச எண்ணுகிறேன். அது சற்று விசித்திரமான காரணம். தன்னுள்ளே ஒரு சிறு பிழை இருப்பதைக் கண்டுகொண்ட கணினி, அதனை எடுத்துச் சொல்ல முற்படுகிறது. சொல்லும் அந்த முயற்சியினாலேயே உறைந்துபோகிறது. அந்தப் பிழையோடு அது பல நாள் வாழ்ந்திருக்கவும் கூடும். சொல்லப்போனதே அதன் உயிருக்கு உலையாயிற்று.

கலைப் பட்டதாரியாகிய ஒரு பாடசாலை அதிபருக்கு இந்த விடயத்தில் என்ன அக்கறை என்று நீங்கள் கேட்கலாம். தெஹியோவிட்டவைச் சுற்றியுள்ள றப்பர்த் தோட்டங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் இன்று லயத்துக்கு லயம் கைத்தொலைபேசி இருக்கிறது. அவற்றிற் பெரும்பாலானவை அன்ட்ரொயிட் வகையின. அந்த அன்ட்ரொயிட்டின் அடியில் இருந்து இயக்குவது லினக்ஸ் என்னும் மென்பொருளே. வங்கிகளின் கணினிகளும், இணையத்தைத் தாங்கும் பெருங்கணினிகளும், தொழிற்சாலை இயந்திரங்கள் பலவும் அதனாலேயே இயங்குகின்றன. நான் கூறப்போகும் குறையும், அதனைத் தீர்க்க எடுத்த முயற்சியும் அந்த லினக்ஸின் உள்ளே நிகழ்ந்தவை. எனவே, இது நம் சட்டைப்பைக்குள் நடந்த கதை.

முதலில் இரண்டொரு சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கணினியின் எல்லா வேலைகளையும் மேற்பார்வை செய்யும் மென்பொருளை நம் பாடநூல்கள் பணிசெயல் முறைமை என்கின்றன. தமிழ்நாட்டார் அதனையே இயக்க முறைமை என்றும் இயங்குதளம் என்றும் வழங்குவர். சொல் எதுவாயினும் பொருள் ஒன்றே. அந்த முறைமையின் நடுவே, வன்பொருளோடு நேரே உறவாடும் பகுதி கருனி எனப்படும்; ஆங்கிலத்திற் கேர்ணல் என்பர். 1991ஆம் ஆண்டில், ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் எழுதத் தொடங்கிய கருனிதான் லினக்ஸ்.

இனி, பூட்டு. இக்காலக் கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட செயலிகள் ஒரே வேளையில் உழைக்கின்றன. இரண்டு செயலிகள் ஒரே பட்டியலை ஒரே கணத்தில் திருத்த முற்பட்டால் பட்டியல் பாழாகும். ஆகவே, ஒன்று திருத்தும்போது மற்றையது வெளியே நிற்கவேண்டும். நம் மலைநாட்டு ஒற்றைத் தண்டவாளப் பாதையிற் பயணம் செய்தவர்கள் இதனை நேரிலே கண்டிருப்பார்கள். இரண்டு நிலையங்களுக்கு இடைப்பட்ட பாதைக்கு டெப்லட் எனப்படும் உலோக வில்லை ஒன்றே வெளியே வழங்கப்படும். அது கையில் உள்ள சாரதி மட்டுமே அப்பாதையிற் செல்லலாம். எங்கள் தெஹியோவிட்டவுக்கும் ஒரு காலத்திற் புகையிரதம் வந்ததுண்டு. அவிசாவளையிலிருந்து யட்டியாந்தோட்டை வரை சென்ற களனிப் பள்ளத்தாக்குக் கிளைப்பாதை அது; போர்க்காலத்தில், 1942இல், அதனைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். கணினி அறிஞர்களும் புகையிரதத்திடமே பாடம் படித்தனர். ஒல்லாந்து நாட்டு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, 1960களில் இத்தகைய காவல் முறையொன்றை வகுத்தபோது, அதற்குப் புகையிரதக் கைகாட்டியின் பெயராகிய செமபோர் என்பதையே சூட்டினார்.

லினக்ஸ் கருனி பல செயலிகளை ஏற்கத் தொடங்கியது 1996இல். அப்போது வீடு முழுவதற்கும் ஒரே திறப்புத்தான். ஒரு செயலி கருனிக்குள் நுழைந்தால் மற்றவை வாசலில் நிற்கும். பின்னர், ஒவ்வோர் அறைக்கும் ஒவ்வொரு பூட்டாகப் பிரித்துக்கொண்டே வந்து, 2011இல் அந்தப் பெரும்பூட்டை முற்றாக நீக்கினர். இதனால் வேகம் கூடியது. ஆனால், பூட்டுகள் பெருகியதும் புதுத் தொல்லையொன்று வந்தது. ஒருவன் முதலாம் அறையின் திறப்பை வைத்துக்கொண்டு இரண்டாம் அறைக்காகக் காத்திருக்க, மற்றவன் இரண்டாம் அறையின் திறப்போடு முதலாம் அறைக்காகக் காத்திருப்பான். இருவரும் நகரார். இதனையே முட்டுநிலை என்கிறோம்.

பூட்டுகளுள் சுழற்பூட்டு என்று ஒரு வகை உண்டு. திறப்புக் கிடைக்காத செயலி உறங்கப் போவதில்லை. "கிடைத்ததா, கிடைத்ததா" என்று இடைவிடாது கேட்டபடி அங்கேயே நின்று சுழலும். திறப்பை வைத்திருப்பவர் யார் என்று அது ஆராய்வதில்லை. தன் கையிலேயே இருந்தாலும் அதற்குத் தெரியாது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

அடுத்தது குறிப்பேடு. லொக் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மரக்கட்டை என்பது பொருள். பழைய மாலுமிகள் கயிறு கட்டிய மரக்கட்டையைக் கடலில் எறிந்து, கயிறு ஓடும் விரைவைக் கொண்டு கப்பலின் வேகத்தை அளந்தார்கள். அந்த அளவை எழுதிவைத்த ஏடு லொக் புத்தகமாயிற்று. பாடசாலை அதிபர்கள் நாள்தோறும் எழுதும் லொக் புத்தகமும் அந்தக் கப்பல் ஏட்டின் பேரப்பிள்ளைதான். கருனிக்குள்ளும் அப்படியோர் ஏடு உண்டு. பிரிண்ட்கே என்ற கட்டளையை இட்டால், செய்தி நினைவகத்தில் உள்ள ஏட்டிற் பதிவாகும். பின்பு திரைக்கோ, பொறியியலாளர் கவனித்துக்கொண்டிருக்கும் கம்பி இணைப்புக்கோ அனுப்பப்படும்.

எழுதுவது தீங்கற்ற செயல் என்பது மக்கள் பொதுவாகக் கொண்டுள்ள நம்பிக்கை. நிகழ்ச்சி ஒருபுறம் நடக்கும். எழுதுகிறவன் ஒதுங்கி நின்று எழுதுவான் என்று நினைக்கிறோம். வரலாறு படித்தவர்கள் இதனை எளிதில் நம்பமாட்டார்கள். எழுதுகிறவனும் நிகழ்ச்சிக்குள்ளேயே நிற்கிறான். அவனுக்கும் மையும் தாளும் வேண்டும். அவற்றைப் பெற எவர் கதவையேனும் தட்டவேண்டும். கருனியை எழுதியவர்களும் பட்டுத்தான் இதனை அறிந்தனர்.

எப்படி என்பதைத் தோட்டத்து நடைமுறையிலே சொல்லிப் பார்க்கிறேன். காலைப் பெரட்டு நடக்கிறது. கணக்கப்பிள்ளையின் கையிற் செக்ரோல் இருக்கிறது. யார் யார் வேலைக்கு வந்தார் என்ற பதிவு அது. அவர் கையிலிருந்து போகும்வரை வேறு எவரும் அதில் எழுதலாகாது. அதிலே ஒரு பிழையை அவர் காண்கிறார். நல்ல மனிதர், உடனே அலுவலகத் தொலைபேசியில் அறிவிக்கிறார். தொலைபேசிக்கோ ஓர் ஒழுங்கு உண்டு என்று வைத்துக்கொள்வோம். பேசி முடித்தவர், அதற்காகக் காத்துக் கண்ணயர்ந்து கிடப்பவரைத் தட்டியெழுப்பி, அவர் பெயரைச் செக்ரோலிற் பதிந்துவிட்டே அகலவேண்டும். செக்ரோலோ இப்போது "ஒருவர் கையில் இருக்கிறது". ஆகவே, கணக்கப்பிள்ளை அது தமக்குக் கிடைக்கட்டும் என்று காத்து நிற்கிறார். மனிதராயின் தம் கையைப் பார்த்துச் சிரித்துவிட்டு எழுதியிருப்பார். சுழற்பூட்டுக்கு அந்தச் சிரிப்பு இல்லை. அது நின்று சுழன்றுகொண்டே இருக்கும். அவர் கையிலுள்ள செக்ரோலுக்காகப் பிறரும் வந்து நிற்பர். சிறிது நேரத்தில் தோட்டமே நின்றுவிடும்.

கருனியிற் செக்ரோலின் இடத்தில் இருப்பது ஓட்ட வரிசை. எந்த வேலையை அடுத்துச் செய்வது என்ற பட்டியல் அது. தொலைபேசியின் இடத்தில் இருப்பது செய்தித் திரைக்குரிய பூட்டு. ஓட்ட வரிசையைப் பூட்டி வைத்துக்கொண்டு "பிழை" என்று அச்சிட முற்பட்டால், திரைப் பூட்டை விடும்போது காத்திருக்கும் ஒருவரை எழுப்பவேண்டி வரலாம்; எழுப்புவதற்கு ஓட்ட வரிசை வேண்டும். வட்டம் மூடிக்கொண்டது.

கடிகாரத்திலும் இப்படியே நேர்ந்தது. கருனியின் நேரக் கணக்கை ஒரு தனிவகைப் பூட்டுக் காக்கிறது. நேரத்தைத் திருத்துபவர் தொடங்கும்போது ஓர் எண்ணை ஒற்றைப்படை ஆக்குவார். முடிக்கும்போது இரட்டைப்படை ஆக்குவார். நேரம் பார்க்க வருபவர் ஒற்றைப்படையைக் கண்டால், திருத்தம் முடியட்டும் என்று மீண்டும் மீண்டும் முயல்வார். 2014ஆம் ஆண்டில் ஜிரி போஹாச் என்பவர் ஓர் அபாயத்தைச் சுட்டிக்காட்டினார். திருத்துபவர் இடையிலே எச்சரிக்கையொன்றை அச்சிட்டால், அது ஒருவரை எழுப்பக்கூடும். எழுப்பும் பகுதி ஒரு நேரங்காட்டியை முடுக்கக்கூடும். அந்த நேரங்காட்டி மணி என்ன என்று பார்க்க வரக்கூடும். எண்ணோ ஒற்றைப்படை. திருத்துபவர் தம் திருத்தம் முடியட்டும் என்று தாமே காத்து நிற்பார். ஜோன் ஸ்டல்ட்ஸ் என்பவர் அதே ஆண்டில் இதற்கு மாற்று எழுதினார். அந்த மாற்று யாது என்பதைச் சற்றுப் பின்னர் கூறுகிறேன்.

இத்தகைய குறை சோதனையில் அகப்படாது. வேறொருவர் அதே கணத்தில் திரைக்காகக் காத்திருந்தால் மட்டுமே முடிச்சு விழும். ஆயிரம் முறை ஓட்டினாலும் ஒன்றும் நேராது. பின்பு ஒருநாள், எவரும் அருகில் இல்லாத நள்ளிரவில் விழும்.

அதனால் என்ன, ஓர் இயந்திரம் தானே என்று கூறுவோருக்கு 2003ஆம் ஆண்டு ஓகஸ்ட் 14ஆம் திகதியை நினைவூட்டுகிறேன். அன்று பிற்பகல், அமெரிக்காவின் ஓகாயோ மாநிலத்தில், ஒரு மின்சார நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் இருந்த எச்சரிக்கை மென்பொருள் 2 மணி 14 நிமிடத்துக்கு ஊமையாயிற்று. இது லினக்ஸ் கருனியில் நேர்ந்ததன்று. வேறொரு நிறுவனத்தின் மென்பொருளில் நேர்ந்தது. ஆயினும் நோய் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டு செயன்முறைகள் ஒரே தரவை ஒரே கணத்தில் எழுதிவிட்டன. பாழ்பட்ட தரவில் எச்சரிக்கைப் பகுதி முடிவின்றிச் சுழலத் தொடங்கிற்று. கையாளப்படாத செய்திகள் குவிந்து முதன்மைக் கணினி விழுந்தது. பதிலாக வந்த மாற்றுக் கணினியும் விழுந்தது. அறையில் இருந்தவர்களோ எச்சரிக்கை வராமையால் எல்லாம் நலம் என்று எண்ணிக்கொண்டிருந்தனர். வெளியே மின்கம்பிகள் தொய்ந்து மரங்களைத் தொட்டுக்கொண்டிருந்தன. 4 மணி கடந்து சில நிமிடங்களில் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஏறத்தாழ 5 கோடி மக்கள் மின்சாரம் இழந்தனர். மரங்களை வெட்டாமை உட்பட வேறு காரணங்களும் அன்று சேர்ந்தே நின்றன. எனினும், மௌனத்தை நலம் என்று கொண்டதே அவ்வறையின் பெருந்துயரம். குறையைக் கண்டறிய, இலட்சக்கணக்கான வரிகளைக் கொண்ட அந்த மென்பொருளை வாரக்கணக்கில் ஆராயவேண்டியிருந்தது.

இனி, லினக்ஸ்காரர் என்ன செய்தனர் என்று பார்ப்போம்.

2006ஆம் ஆண்டில் இங்கோ மோல்னர் என்னும் அறிஞர் லொக்டெப் என்ற காவற்காரனைக் கருனிக்குள் வைத்தார். எந்தப் பூட்டை வைத்துக்கொண்டு எந்தப் பூட்டைக் கேட்கிறார்கள் என்ற ஒழுங்கை அது குறித்து வரும். ஓரிடத்தில் முதலாவதன் பின் இரண்டாவதும், வேறோரிடத்தில் இரண்டாவதன் பின் முதலாவதும் பூட்டப்பட்டால், முட்டுநிலை உண்மையில் நேராவிட்டாலும், "நேரக்கூடும்" என்று எச்சரிக்கும். இந்தக் காவற்காரனின் நாகரிகத்தை நான் பெரிதும் மெச்சுகிறேன். அதற்கும் சொந்தத்தில் ஒரு பதிவேடு உண்டு. அதற்கும் ஒரு பூட்டு உண்டு. குற்றத்தைக் கண்டதும் அது உடனே கூவுவதில்லை. முதலில் தன் காவலை நிறுத்தும். தன் பூட்டைத் திறந்துவிடும். அதன்பிறகே செய்தியை அச்சிடும். ஏனெனில், அச்சிடும் வேலையும் பூட்டுகளை எடுக்கும். அவற்றையும் அது காவல் செய்யப் புகுந்தால் கூவல் மேல் கூவலாக முடிவின்றிப் போகும். ஒருமுறை கூவியபின், கணினியை மீண்டும் தொடக்கும்வரை அது வாய் திறப்பதில்லை.

ஆனால், காவற்காரன் தன் பூட்டைத்தான் திறக்க முடியும். பிழை செய்தவர் கையில் உள்ள பூட்டுகள் அப்படியே இருக்கும். ஓட்ட வரிசையைப் பூட்டியவரிடமிருந்து எழும் செய்திக்கு வேறு மருந்து வேண்டும். 2012இல் அது வந்தது. செய்தியை இப்போது ஏட்டில் மட்டும் எழுதிவிடு. திரைக்கு அனுப்புவதைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்பதே அம்மருந்து. முதலில் ஓட்ட வரிசைக்கென்றே இருந்த இக்கட்டளை, 2014இல் எல்லாருக்கும் பொதுவான பெயர் பெற்றது. ஸ்டல்ட்ஸ் கடிகாரத்துக்கு எழுதிய மாற்றும் இதுவே.

முடிந்ததா என்றால், இல்லை. "பின்னர்" என்ற சொல் சாகப்போகும் இயந்திரத்துக்குப் பொருந்துமா? பூட்டு விடுபட்டபின் சொல்லலாம் என்று ஒத்திவைத்த செய்தி, பூட்டு விடுபடுமுன்பே இயந்திரம் மாண்டால் நினைவகத்தோடு அழியும். உடனே சொன்னால், சொல்வதால் மாளலாம். பிறகு சொல்வோம் என்றால், சொல்லாமலே மாளலாம். இந்த இரண்டுக்கும் இடையில் நெடுங்காலம் விவாதம் நடந்தது. உடனே சொல்லவேண்டும் என்று வாதித்தவர்களின் பக்கமே என் மனம் சாய்கிறது. ஆனாலும், உடனே சொல்வதற்கு ஏற்ற கருவி அன்று அவர்கள் கையில் இருக்கவில்லை.

வேகத்தின் தொல்லை வேறு. பழைய கம்பி இணைப்பில், விநாடிக்கு 9600 பிட் என்ற வேகத்தில், 960 எழுத்துகளே செல்லும். 80 எழுத்துள்ள ஒரு வரிக்கு விநாடியின் பன்னிரண்டில் ஒரு பங்கு வேண்டும். அதற்குள் சாதாரணச் செயலி 8 கோடிக்கு மேற்பட்ட துடிப்புகளைக் கடந்துவிடும். அன்றியும், திரைப் பூட்டை எடுத்தவர் தம் வரியோடு மற்றச் செயலிகள் ஏட்டிற் சேர்த்த வரிகளையும் அனுப்பிமுடிக்கவேண்டும். முற்காலத்து லயங்களில் எழுத்தறிந்த ஒருவர் இந்தியாவிலுள்ள தம் தாயாருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தால், ஊரார் கடிதமெல்லாம் அவர் தலையில் விழும் அல்லவா? அதே கதைதான். அந்தச் செயலி நெடுநேரம் அசையாதிருப்பதைக் கண்ட கண்காணிப்புப் பகுதி "இச்செயலி செத்துவிட்டது" என்று மேலும் பல வரிகள் எழுதும். அவற்றையும் அதே செயலியே அனுப்பவேண்டும்! 2018இல் ஸ்டீவன் ரொஸ்டெட் என்பவர், காத்து நிற்பவரிடம் வேலையைக் கைமாற்றிவிடும் முறையைச் சேர்த்து இதனைத் தணித்தார்.

அடிப்படையான சீர்திருத்தம் ஜோன் ஒக்னஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் செய்தது. அவர்கள் முதலில் ஏட்டையே மாற்றினர். அதுவரை ஏட்டுக்கே ஒரு பூட்டு இருந்தது. எழுதிக்கொண்டிருப்பவரை இடைமறித்து வேறோர் அவசரச் செய்தி வந்தால், அது ஏட்டின் வாசலில் நின்றுவிடும். 2020 டிசம்பரில் வெளிவந்த 5.10ஆம் பதிப்பிற் பூட்டில்லாத ஏடு வந்தது. எழுத வருபவர் தமக்குரிய இடத்தை ஒரே அசைவில் ஒதுக்கிக்கொள்வார்; எழுதுவார்; முடிந்தது என்று அடையாளம் இடுவார். எவரும் எவருக்காகவும் நிற்கவேண்டியதில்லை.

அதன்பிறகு திரையின் பக்கம் திரும்பினர். சாதாரண வேளைகளில் ஒவ்வோர் அச்சுவழிக்கும் தனியொரு பணியாள். செய்தி எழுதியவர் ஏட்டில் எழுதியதும் தம் வேலைக்குத் திரும்பிவிடலாம். ஆபத்து வேளையிலோ, ஆபத்துக்குள்ளானவர் அச்சுவழியைப் பணியாளிடமிருந்து முறைப்படி கேட்டு வாங்கி, உடனே தாமே சொல்லலாம். வாங்கிய இடத்திற் பாதி வரி அச்சாகியிருந்தால், பணியாள் தம் உரிமை போய்விட்டதை உணர்ந்து ஒதுங்குவார். இயந்திரம் மாளும் தறுவாயில், வேறு வழியே இல்லையெனின், பலவந்தமாகப் பறிக்கவும் கடைசி விதியொன்று வைத்திருக்கிறார்கள். உடனே சொல்லவேண்டும் என்றவர்களுக்கும் பிறகு சொல்லலாம் என்றவர்களுக்கும் இவ்வாறு ஒரே வீட்டில் இடம் கிடைத்தது.

இந்த வேலைக்காகவே வேறொரு பெரிய வேலை காத்துக்கிடந்தது. ரோபோக்கள், தொழிற்சாலைப் பொறிகள் போன்றவற்றுக்கு, குறித்த கணத்திற் குறித்த செயல் நடந்தே தீரவேண்டும். லினக்ஸை அதற்கு ஏற்றதாக்கும் முயற்சியில் தோமஸ் கிளைக்ஸ்னரும் பிறரும் ஏறத்தாழ 20 ஆண்டுகள் உழைத்தனர். இறுதியில் நின்ற தடைகளுள் முக்கியமானது இந்த அச்சிடும் பகுதியே. 2024 செப்தெம்பரில் அத்தடை நீங்கியதும், வியன்னா நகரில் நடந்த கூட்டத்தில், தம் வேலையைச் சேர்த்துக்கொள்ளுமாறு கோரும் விண்ணப்பத்தைக் கிளைக்ஸ்னர் தாளில் அச்சிட்டு, பொன்னிறத் தாளிற் சுற்றி, டோர்வால்ட்ஸின் கையிலே கொடுத்தார். அதே ஆண்டு நவம்பரில் வெளியான 6.12ஆம் பதிப்பில் அது இடம்பெற்றது.

எனினும், பூட்டில்லாத ஏடு எல்லாருக்கும் ஒருசேர வந்ததுபோல், புதிய அச்சுவழி வந்துவிடவில்லை. ஒவ்வொரு வகைக் கம்பி இணைப்புக்கும் ஒவ்வொரு வகைத் திரைக்கும் தனித்தனியே ஓட்டுநிரல் உண்டு. அவற்றை ஒவ்வொன்றாகப் புதிய முறைக்கு மாற்றியெழுதவேண்டும். மாற்றப்படாதவை பழைய திரைப் பூட்டின் வழியாகவே 2024க்குப் பின்னரும் சென்றன. ஆகையாற்றான், 2012இல் வந்த அந்த "பின்னர் சொல்" என்ற கட்டளையையும் நீக்கிவிடாமல் வைத்துக்கொண்டார்கள்.